பிடரியில் தெரிந்த கை

அத்தியாயம் 9

சேவல் காணாமல் போய் அன்றோடு பதினாறு நாள்.

சேவல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, வாடிக்கையாளர்கள் வைத்தது. நெற்றிக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்கு முடியைச் சுருட்டித் தூக்கி, பொமேடு என்கிற முடிப்பசை தடவி நிறுத்தி, பின்னால் இரண்டு பக்கத்து முடியையும் பிடரி நடுவில் வாத்து வால் மாதிரி சேர்த்துவிட்டுத் திரிகிறவனை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? பழைய ராக் அண்ட் ரோல் காலத்து வெட்டு. தனக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஊரில் பாதி இளவட்டத்துக்கு அதையே வைத்துவிட்டான்.

கடையில் இரண்டு நாற்காலி. கதவோரம் இருப்பது சேவலின் அண்ணனுடையது. நுரை, சவரக்கத்தி, சூடான துண்டு, கடைசியில் கழுத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான். உள்பக்கம் இருப்பது சேவலுடையது. அதில் உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டான்.

"உன் நாற்காலியில ஒரு தலை முடியறதுக்குள்ள என் நாற்காலியில நாலு தாடி போயிடுதுடா" என்பார் அண்ணன்.

"நீங்க தாடியை இடிக்கறீங்க. நான் தலையைக் கட்டறேன். கட்டறதுக்கு நேரம் ஆகாதாண்ணே?" என்பான் தம்பி.

பதினாறு நாளாக உள்நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. போன் அணைந்தே கிடந்தது. போலீசில் புகார் கொடுத்தது சேவலின் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலையும் தடங்கலில்லாமல் படிப்பவள். புகாரிலும் ஒன்றும் விடாமல் எழுதியிருந்தாள். வயது முப்பத்து நாலு, மாநிறம், தூக்கிச் சீவிய முடி, பின்னால் வாத்து வால், நீண்ட கிருதா.

கடைசி நாளன்று கடையில் நடந்த ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை. அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அண்ணன். அவர் வாயைத் திறக்கவில்லை.

அன்று காலை பத்து மணிக்குக் கடை வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

நாற்காலியில் கணக்கு வாத்தியார் சாய்ந்திருந்தார். வலது கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. இடது கன்னத்தில் இன்னும் நுரை. உள்ளே வந்த கான்ஸ்டபிளும் பழைய வாடிக்கையாளர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தொப்பியைக் கழற்றிய விதத்திலேயே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் வரணும். கால்வாய் மதகுல ஒரு உடம்பு கிடைச்சிருக்கு."

அண்ணன் கத்தியைக் கன்னத்திலிருந்து விலக்கிப் பிடித்தார்.

"மூஞ்சி... மதகுல அடிபட்டுப் போச்சுண்ணே. பாத்துச் சொல்ற மாதிரி இல்ல. ஆனா முடி..." கான்ஸ்டபிள் தன் தலைக்கு மேலே கையால் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். "இந்த வெட்டு நம்ம ஊர்ல வேற எங்கே?"

வாத்தியார் துண்டை இழுத்துக்கொண்டு எழப் பார்த்தார். "நீங்க போங்க, மீதியை வீட்ல பாத்துக்கறேன்."

"உக்காருங்க சார். பாதியில விடக் கூடாது."

அண்ணன் இடது கன்னத்தை முடித்தார். காதோரத்திலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து கழுத்துக்கு. துண்டால் துடைத்தார், கத்தியைக் கழுவி மடித்து வைத்தார். வாத்தியாரின் கழுத்தில் எப்போதும் போடுகிற தட்டை மட்டும் மறந்துவிட்டார். வாத்தியார் அதைக் கவனித்தார்.

வழியில் மருந்துக்கடை முன்னால் ஜீப் நின்றது. தம்பி மனைவி வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். ஜீப்பில் ஏறிக்கொண்டாள். பாதி வழியில் கேட்டாள்.

"உயிரோடவா மாமா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"அவர்தானா?"

"தெரியலம்மா. பாத்தாத்தான்."



பிணவறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. நீளமான தாழ்வாரம், சுவரோரம் ஒரு இரும்பு பெஞ்சு, பினாயில் வாடை. இன்ஸ்பெக்டர் கையில் ஒரு அட்டையோடு நின்றார். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர் போலப் பேசினார்.

"முந்தாநாள் ராத்திரி செத்திருக்கார். நேத்துக் காலையில மதகுல கிடைச்சுது. டிஎன்ஏ-வுக்கு அனுப்பியிருக்கோம், பதில் வர மூணு மாசம் ஆகும். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"விழுந்துட்டாரா சார்?" என்று கேட்டாள் அவள்.

"தண்ணியில விழுந்தது அப்புறம்மா. அதுக்கு முன்னாடியே விலா நாலு உடைஞ்சிருக்கு. யாரோ அடிச்சிருக்காங்க."

அவள் கதவை நோக்கி நடந்தாள். அண்ணன் குறுக்கே நின்றார்.

"நீ இங்கயே இரும்மா."

"என் புருஷன் மாமா."

"தெரியும். ஆனா அவன் தலை எனக்குத்தான் தெரியும். பதினெட்டு வருஷமா நான்தானே வெட்டறேன். மூஞ்சி இல்லாட்டியும் எனக்குப் போதும். நீ பாத்தா அதுதான் உனக்கு ஆயுசுக்கும் நிக்கும்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே குளிர். ஊழியர் துணியை விலக்கும்போது முகத்தை மட்டும் மூடியே வைத்தார். நல்ல மனிதர்.

தம்பியின் உயரம். தம்பியின் தோள். முன்முடி தண்ணீரில் நசுங்கி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஆனால் பக்கவாட்டு முடி பொமேடின் பிடியில் இன்னும் பின்னோக்கியே படிந்து கிடந்தது. எண்ணெய்ப் பொமேடு தண்ணீருக்கு அசையாது. ஒன்றுக்கு மூன்று தடவை ஷாம்பு போட்டால்தான் போகும்.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"தலையைக் கொஞ்சம் திருப்புங்க."

ஊழியர் திருப்பினார். அண்ணன் உச்சி முடியைச் சீப்பால் பிரித்தார். சேவலுக்கு இரட்டைச் சுழி. "இன்னொரு கல்யாணம் உறுதி" என்று கடைக்கு வருகிற எல்லாரும் அவனைக் கிண்டலடித்திருக்கிறார்கள். அண்ணன் ஒரு தரம் பிரித்துப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

ஒரே சுழி.

மூச்சு வந்தது. அது கிட்டத்தட்ட ஒரு கேவலாக வந்தது. 'இவன் இல்லை. இவன் இல்லை.' கடவுளே என்று சொல்ல வாயெடுத்தவர், முன்னால் கிடப்பவனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். இவனும் யாருக்கோ தம்பி.

அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் கையில் சீப்பு இருந்தது, எதிரே ஒரு தலை இருந்தது. முப்பது வருடத்துப் பழக்கம். கை தானாகக் கீழே இறங்கியது.

வலது காதுக்கு மேலே, முடிக்குள் ஒரு பழைய தழும்பு, பிறை வடிவில். காதைச் சுற்றியும் பிடரியிலும் விரலகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. அந்த இடத்தில் வெயில் பட்டே பல காலம் ஆகியிருக்க வேண்டும். நீள முடி வைத்திருந்தவன், சமீபத்தில்தான் வெட்டியிருக்கிறான். பிடரியில் கத்தி போட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். நாலு நாள் வளர்ச்சி.

பிறகு காதுக்குப் பின்னால் பார்த்தார்.

கத்தியின் கோடு காது வளைவோடு ஒழுங்காக இறங்கி, முடிகிற இடத்தில் வெளிப்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி போட்டிருந்தது. வலக்கைக்காரன் கத்தி அந்த இடத்தில் அப்படித் திரும்பாது. இடக்கைக்காரனுக்கு மணிக்கட்டு மடங்காமல் அப்படி ஒரு இழுப்பு விழும். பதினெட்டு வருடம் அந்தக் கொக்கிக்காக ஒருவனைத் திட்டியிருக்கிறார். "கோட்டை நேரா முடிக்க மாட்டியாடா?" "அது என் கையெழுத்துண்ணே."

இந்தத் தலையைக் கட்டியது சேவல்.

"உங்க தம்பியா?" வாசலில் நின்றபடி இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இல்ல சார். சுழி வேற."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"வெட்டு? உங்க கடை வெட்டுதானே?"

அண்ணன் சீப்பைப் பார்த்தார். அதைத் திரும்பப் பைக்குள் வைக்க மனம் வரவில்லை. மேஜை ஓரத்தில் வைத்தார்.

"எங்க கடையில வெட்டினது இல்ல சார்" என்றார்.

அந்தச் சொற்களில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் சொல்லி முடித்ததும் நாக்கில் கசந்தது.

தாழ்வாரத்தில் அவள் எழுந்து நின்றாள். அவர் தலையை ஆட்டினார். "அவன் இல்லம்மா." அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு கோட்டுப் பையில் எதையோ தேடுகிறவள் மாதிரி கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள். அவர் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பாதி கோட்டில் சிந்தியது.

இன்ஸ்பெக்டர் அலுவலக அறைக்குள் போனதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற என்ன மாமா?"

"என்ன வேற?"

"நல்ல சேதி சொல்ற முகம் இல்ல இது."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். கொக்கியை, இடது கையை, நாலு நாள் வளர்ச்சியை.

அவள் கணக்குப் போட்டாள். "செத்தது முந்தாநாள், அதுக்கப்புறம் முடி வளராது. அதுக்கு நாலு நாள் முன்னாடின்னா, இன்னையோட ஆறு நாள். அப்போ ஆறு நாளைக்கு முன்னாடி அவர் உயிரோட இருந்திருக்கார். எங்கேயோ நின்னு முடி வெட்டியிருக்கார்!"

முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அடுத்த கணக்கு அவளுக்கும் புரிந்துவிட்டது.

"போலீசுக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. சொன்னா நாளையிலருந்து இவங்க தேடறது காணாமப் போனவரை இல்ல, கொலைகாரனை. போன் அணைச்சு வச்சிருக்கார், வீட்டுக்கு வரல, செத்தவன் தலையில அவர் கை இருக்கு. யார் நம்புவா?"

"அவன் ஏன் வீட்டுக்கு வரலன்னு..." அண்ணன் நிறுத்தினார். "அதுல பாதி என் தப்பும்மா."

அவள் திரும்பினாள்.

"அன்னைக்கு அவனுக்குக் கவனமே இல்ல. வாசலையே பாத்துக்கிட்டிருந்தான். ஒருத்தர் காதைக் கீறிட்டான், ரத்தம் வந்துடுச்சு. நான் நாலு பேர் முன்னாடி கத்தினேன். என்னடா விஷயம்னு கேக்கல. 'கத்தியை வச்சுட்டு வெளியே போ, இனிமே இந்தப் படியை மிதிக்காதே'ன்னேன். கடைக் கத்தியை மடிச்சு வச்சான். அவனோட தொழில் பெட்டியை எடுத்துக்கிட்டான். 'சரிண்ணே'ன்னான். போயிட்டான்."



"சீக்கிரம் கிளம்பிட்டார், ஏதோ வேலைன்னார்னு என்கிட்ட சொன்னீங்க."

"ஆமா."

"பதினாறு நாள் மாமா. தினமும் வந்து என் வீட்ல உக்காந்து டீ குடிச்சீங்க. நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன், என்கிட்டதான் ஏதோ கோவமோன்னு. அவரோட நான் கடைசியா என்ன பேசினேன்னு படுத்துக்கிட்டு யோசிச்சு யோசிச்சு..." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ஒரு அம்மா வந்தாள்.

பஸ் டிப்போ சீருடை, தோளில் டிக்கெட் பை. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

"பையனைக் காணோம்னு புகார் கொடுத்தது நீங்கதானே?"

"ஆமாங்க. பத்து நாளாச்சு. வேலை விஷயமா போறேன்னான். மூணு நாளா போன் எடுக்கல."

இன்ஸ்பெக்டர் தயங்கினார். பிறகு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பின்பக்கத்திலிருந்து எடுத்த தலை, அவ்வளவுதான்.

அந்த அம்மா போனைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க. இவன் இல்ல. என் பையனுக்கு முடி தோள் வரைக்கும் தொங்கும். வெட்டுடா வெட்டுடான்னு நானும் அஞ்சு வருஷமா கத்தறேன், கேக்கவே மாட்டான். அம்மாடி..." சிரித்தாள். "வர்ற வழியெல்லாம் என் உசுரு என்கிட்ட இல்ல. யார் பெத்த பிள்ளையோ பாவம்."

"சரிம்மா. அப்போ நீங்க கிளம்பலாம். தகவல் வந்தா கூப்பிடறோம்."

அண்ணன் எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை. மறுகோடியிலிருந்து தம்பி மனைவி வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் மாமா" என்றாள், உதடு அசையாமல்.

அந்த அம்மா டிக்கெட் பையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். இன்னும் பத்து அடி போனால் வாசல். அப்புறம் வீட்டுக்குப் போவாள். சமைத்து வைப்பாள். மூன்று மாதம் வாசலைப் பார்ப்பாள். உள்ளே கிடப்பவன் அதுவரை ஒரு எண்ணாகக் கிடப்பான்.

பதினாறு நாள் வாசலைப் பார்ப்பது என்னவென்று இந்தத் தாழ்வாரத்தில் இரண்டு பேருக்குத் தெரியும்.

"அம்மா" என்றார் அண்ணன்.

அவள் திரும்பினாள். சட்டைக் கையின் மேல் இருந்த பிடி இறுகியது.

"உங்க பையனுக்குத் தலையில தழும்பு இருக்காம்மா? வலது காதுக்கு மேல. பிறை மாதிரி."

ஒரு கணம் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு ஒவ்வொரு பக்கமாக அணைந்தது.

"அஞ்சு வயசுல ஜன்னல் கம்பியில மோதிக்கிட்டான்" என்றாள். "முடி வச்சு மறைச்சிருப்பான். யாருக்கும் தெரியாதே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் முடி வெட்டறவன்ம்மா. அந்த முடி புதுசா வெட்டினது. அதுக்கு முன்னாடி தோள் வரைக்கும் இருந்திருக்கு."

அவள் சுவரைத் தேடினாள், சுவர் எட்டவில்லை. கான்ஸ்டபிள் ஓடிவந்து பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

இன்ஸ்பெக்டர் அண்ணனிடம் வந்தார். குரல் இப்போதும் உயரவில்லை.

"உங்க கடையில வெட்டினது இல்லன்னீங்க."

"இல்ல சார். ஆனா வெட்டின கை தெரியும்."

"யாருது?"

தம்பி மனைவியின் விரல்கள் அவர் சட்டைக் கையை விட்டன. இழுக்கவில்லை, தடுக்கவில்லை, விட்டுவிட்டாள்.

"என் தம்பியோடது. இடது கை. இந்தப் பையன் சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி வெட்டினது. மத்தது எனக்குத் தெரியாது சார். முதல்லயே சொல்லாதது என் தப்பு."

இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பிப் பேனாவை எடுத்தார். அண்ணன் பெயர், வயது, தொழில் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பி மனைவி மெல்ல நடந்து பெஞ்சுக்குப் போனாள். அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரென்று பார்க்காமலே அந்த அம்மா அவள் கையைப் பற்றிக்கொண்டு, வெள்ளைக் கோட்டில் தலையைச் சாய்த்தாள். ஆஸ்பத்திரிப் பெண் என்று நினைத்திருப்பாள்.

வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினாள்.

"நீ இங்கே நர்ஸாம்மா?"

"இல்லம்மா." அவள் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உங்க பையனுக்கு முடி வெட்டினவரோட பொண்டாட்டி நான்."

அந்த அம்மா கையை உதறிவிடுவாள் என்று எதிர்பார்த்துத் தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். உதறவில்லை. பிடி இன்னும் இறுகியது, எலும்பு வலிக்கிற அளவுக்கு.

"என் பையன் நாற்காலியில உக்காந்தா சும்மா இருக்க மாட்டான். வாய் ஓயாது. அஞ்சு வருஷம் வெட்டாத முடியை எதுக்கு வெட்டினான், யாருக்காக வெட்டினான், எல்லாம் உன் புருஷன்கிட்ட சொல்லியிருப்பான்." அவள் தம்பி மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "போலீசு என்ன கேக்குமோ கேக்கட்டும். நான் கேக்கறது என் பையன் சொன்னது ஒண்ணுதான். எங்கே இருந்தாலும் உன் புருஷனைக் கூட்டிட்டு வா."